முதலில் கை, பிறகு நம்பிக்கை

பக்கவாதம் வந்தவர்களின் வீடுகளுக்குப் போய் உடற்பயிற்சி கொடுப்பது என் தொழில். பிசியோதெரபி படித்துவிட்டுச் சில ஆண்டுகள் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பிறகு தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போகும் வேலைக்கு வந்தேன். காலையில் வண்டி கிளம்பும்போது செவிலியர் ஒருவரும் கூட வருவார். ஊருக்குள் நுழைந்ததும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் எங்களோடு சேர்ந்துகொள்வார். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்தான். எந்தத் தெருவில் யாருக்குக் கை கால் விழுந்திருக்கிறது என்பதும் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

மருத்துவமனையில் இருந்தபோது நான் நோயாளியின் கையையும் காலையும் பார்த்தேன். வீட்டுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவருடைய நாள் முழுவதையும் பார்த்தேன். யார் அவருக்குச் சோறு ஊட்டுகிறார்கள், அவர் எந்த ஜன்னலைப் பார்த்துப் படுத்திருக்கிறார், பேரப்பிள்ளை அவர் அருகில் வருகிறதா, பண்டிகைக்குச் சட்டை வாங்கும்போது அவருக்கும் ஒன்று வாங்கினார்களா என்பதெல்லாம் கண்ணில் படும். ஒரு மனிதருடைய நம்பிக்கை இந்தச் சின்ன விஷயங்களில்தான் வளர்கிறது, தேய்கிறது. நேர்மறைச் சிந்தனை பற்றி நம் ஊரில் எத்தனையோ புத்தகங்களும் மேடைப் பேச்சுகளும் வந்துவிட்டன. அவற்றில் நல்லவை பலவற்றை நானும் படித்திருக்கிறேன். ஆனால் நம்பிக்கை காது வழியாக உள்ளே போவதை என் தொழிலில் நான் அபூர்வமாகவே கண்டேன். அது பெரும்பாலும் கை வழியாகத்தான் போகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வீட்டுக்கு முதல்முறை போகும்போது கட்டில் எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்ப்பேன். பெரும்பாலும் விழுந்த பக்கம் சுவரோரமாக இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் நல்ல பக்கமாக வந்து உட்கார்வார்கள். தண்ணீர்ச் செம்பு, கைப்பேசி, மாத்திரை டப்பா எல்லாம் நல்ல கைக்கு எட்டும்படி அடுக்கியிருப்பார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் அந்த ஏற்பாட்டில் விழுந்த கைக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை. “இது செத்துப்போச்சு தாயி, இத வச்சிக்கிட்டு என்ன செய்ய?” என்று சொல்லி, அந்தக் கையை நல்ல கையால் தூக்கி மடியில் போட்டுக்காட்டுவார்கள். நான் முதலில் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்வேன். விழுந்த பக்கம் அறையின் நடுவைப் பார்த்து இருக்க வேண்டும். யார் பேச வந்தாலும் அந்தப் பக்கமாக வந்து பேச வேண்டும். அன்றைய சிகிச்சையில் பாதி அதுதான்.

விழுந்த கைக்கு மறுபடி வேலை கொடுப்பதற்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க விஞ்ஞானி குரங்குகளை வைத்துச் சோதனை செய்தார். ஒரு கையிலிருந்து மூளைக்குப் போகும் உணர்வு நரம்புகளைத் துண்டித்தபோது குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டது. ஆனால் அசைக்கும் நரம்புகள் அப்படியே இருந்தன. நல்ல கையைக் கட்டிவைத்தபோது, விட்டுப்போன கையால் அது உணவை எடுக்கத் தொடங்கியது. டாப் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். முதல் சில நாட்கள் முயன்று முயன்று தோற்றதால், ‘இது உதவாது’ என்று குரங்கு பழகிக்கொண்டது. பின்னால் கைக்குத் திறன் வந்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மனிதர்களுக்கும் இதே முறை பொருந்துமா என்று அமெரிக்காவில் 222 பக்கவாத நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். விரலும் மணிக்கட்டும் ஓரளவாவது அசையும் நிலையில் இருந்தவர்கள் அவர்கள். நோய் வந்து மூன்று மாதம் முதல் ஒன்பது மாதம் வரை ஆகியிருந்தது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை மாட்டிவிட்டு, விழுந்த கைக்குக் கடும் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்கள் கையை அதிகமாகவும் நன்றாகவும் பயன்படுத்தினார்கள். ஓராண்டுக்குப் பிறகும் அந்த முன்னேற்றம் நின்றது. 2006-ல் அந்த முடிவு வெளியானது. கையில் இருந்த திறனைவிடக் குறைவாகவே அவர்கள் கையைப் பயன்படுத்திவந்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். நோய் எடுத்துக்கொண்டது ஒரு பங்கு. ‘முடியாது’ என்ற பழக்கம் எடுத்துக்கொண்டது இன்னொரு பங்கு. முதல் பங்கில் நான் செய்யக்கூடியது கொஞ்சம். இரண்டாவது பங்கு முழுக்க முழுக்க எங்கள் வேலைக்களம்.

நம்பிக்கை இழந்தவரைப் பார்த்து ‘மனத் தைரியம் இல்லாதவர்’ என்று வீட்டார் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். அது நியாயமில்லை. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1967-ல் நாய்களை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலமானவை. என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பல, பிறகு தாண்டித் தப்பிக்கக்கூடிய இடத்தில் விட்டபோதும் தாண்டாமல் அப்படியே படுத்துக்கொண்டன. ‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து 2016-ல், மூளையைப் பற்றிய புதிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, தங்கள் பழைய விளக்கத்தையே அவர்கள் இருவரும் தலைகீழாக மாற்றி எழுதினார்கள். நீண்ட துன்பம் வந்தால் சோர்ந்து ஒடுங்குவதுதான் மூளையின் இயல்பு. அதை யாரும் கற்றுக்கொள்வதில்லை. ‘என் கையில் ஏதோ இருக்கிறது’ என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, சோர்ந்து கிடப்பவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் தவறு எதுவும் செய்யவில்லை. இனிமேல் கற்க வேண்டியது ஒன்று அவருக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த நாய்களை எப்படி மீட்டார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் முக்கியமானது. கழுத்துக் கயிற்றைப் பிடித்துத் தடுப்பின் அந்தப் பக்கம் பலமுறை இழுத்துக் கொண்டுபோனார்கள். கால்கள் அந்தப் பாதையில் போய்ப் போய், அதிர்ச்சி நிற்கிறது என்பது உடம்புக்குத் தெரிந்தது. முதலில் பலமாக இழுக்க வேண்டியிருந்தது; போகப் போகக் குறைந்தது; கடைசியில் தானே தாண்டின. பிசியோதெரபி படித்த யாருக்கும் இந்த வரிசை புதிதல்ல. எங்களுக்கு முதலாண்டிலேயே சொல்லித்தரும் வரிசை இது. பாஸிவ்: நோயாளி சும்மா இருக்க, நாம் அசைப்பது. அசிஸ்டட்: அவர் கொஞ்சம் முயல, நாம் தாங்குவது. ஆக்டிவ்: அவரே அசைப்பது. ரெசிஸ்டட்: எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு அசைப்பது. மனசுக்கும் இதே நான்கு படிதான் என்பது என் அனுபவம். முதல் படியில் நிற்பவரிடம் நான்காம் படியின் பேச்சைப் பேசுவதால்தான் பல அறிவுரைகள் வீணாகின்றன.

பீடி சுற்றும் அக்கா ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு மடியில் சுளகை வைத்து இலை வெட்டிப் பீடி சுற்றும் பெண்கள் உண்டு. அந்த அக்காவுக்கு இடது பக்கம் விழுந்திருந்தது. இடது கையை முந்தானைக்குள் மறைத்தே வைத்திருப்பார். தெருவில் உள்ளவர்கள் பார்க்க வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். “நம்பிக்கையா இருங்க” என்று சொல்லக்கூடிய நிலை இல்லை அது. சொன்னால் தலையாட்டுவார், கண்ணில் நீர் வரும், அவ்வளவுதான்.

அவரிடம் நான் நம்பிக்கையைப் பற்றிப் பேசவே இல்லை. உட்காரவைத்து, இடது உள்ளங்கையைக் கட்டில் மேல் விரித்துவைத்து, உடம்புப் பாரம் அந்தக் கை மேல் மெல்ல இறங்கும்படி சாய்த்தேன். தோளை என் கையால் தாங்கிக்கொண்டேன். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும் என்று அவர் மகளுக்குக் காட்டினேன். சில வாரங்கள் இப்படியே போயின. பிறகு ஒரு நாள் சுளகைக் கொண்டுவரச் சொன்னேன். புகையிலைத் தூள் வேண்டாம், அது இந்த நோய்க்கு ஆகாது. வெறும் இலை போதும் என்றேன். ஊறவைத்த இலையைச் சுளகில் விரித்து, அவருடைய இடது கையை எடுத்து அதன் மேல் வைத்தேன். அந்தக் கைக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: இலை நகராமல் பார்த்துக்கொள்வது. வலது கையில் கத்தரி. விரல் ஒன்றும் அசைய வேண்டியதில்லை. கையின் எடை இருந்தால் போதும். இலை வெட்டுப்பட்டு விழுந்தது.

“இந்தக் கைதானம்மா பிடிச்சிச்சு?” என்று மகளிடம் கேட்டார். மறுமுறை நான் போனபோது முந்தானைக்கு வெளியே கை இருந்தது. யாரும் அவரிடம் ‘வெட்கப்படாதே’ என்று சொல்லவில்லை. கை ஒரு வேலை செய்தது. மறைக்க வேண்டிய காரணம் போய்விட்டது. இன்றும் அந்தக் கை முழுசாகத் திரும்பவில்லை. முன்போல் வேகமாகச் சுற்ற அவரால் முடியாது. ஆனால் இலை வெட்டுவது அவர் பொறுப்பு, சுற்றுவது மகள் பொறுப்பு என்று வீட்டில் ஆகிவிட்டது.

உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-ல் எழுதிய ஒரு கருத்து இங்கே பொருந்துகிறது. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்றார் அவர்: தானே செய்து பார்த்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்டது, பிறர் சொல்லிக் கேட்ட ஊக்கம், உடம்பும் மனசும் அப்போது இருக்கிற நிலை. இவற்றில் மிக வலுவானது செய்து பார்த்த அனுபவம். நாமோ மூன்றாவதைத்தான் வாரி வழங்குகிறோம், அதற்குச் செலவு இல்லை என்பதால்.

அந்த அக்கா நின்றது முதல் படியில். இரண்டாம் படி, துணையோடு முயல்வது; அதற்கு வீட்டார் வேண்டும். எவ்வளவு உதவுவது என்பதைவிட எவ்வளவு உதவாமல் இருப்பது என்று அவர்களுக்குச் சொல்லித்தருவதே கடினம். பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவருக்கு வலது பக்கம் பலவீனம், பேச்சும் குழறல். மகன் கடையை எடுத்துக்கொண்டு, “அப்பா நீங்க ரெஸ்ட் எடுங்க” என்று வீட்டில் உட்காரவைத்துவிட்டான். நல்ல பிள்ளை. ஆனால் அண்ணாச்சிக்கு நாள் முழுவதும் தொலைக்காட்சிதான். கையும் இறுகிக்கொண்டே வந்தது, முகமும் இறுகிக்கொண்டே வந்தது.

அவருக்கு ஓரளவு விரல் அசைந்தது. கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னேன். ஒரே ஒரு விதி வைத்தோம்: யார் சில்லறை கொடுத்தாலும், அந்த நாணயத்தை வலது கையால் எடுத்துக் கல்லாவில் போட வேண்டும். கீழே விழுந்தால் விழட்டும். மகன் குனிந்து எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் அவருக்காகக் கல்லாவில் போடக் கூடாது. ‘தினமும் கைப்பயிற்சி செய்யுங்கள்’ என்று சொல்லியிருந்தால் அண்ணாச்சி செய்திருக்க மாட்டார். ‘சில்லறை வந்தால் வலது கை’ என்றதும் செய்தார். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைத்த தீர்மானம், வெறும் தீர்மானத்தைவிட அதிகமாக நிறைவேறுகிறது என்று 1999-ல் எழுதினார். நான் கொடுக்கும் பயிற்சிகளை எல்லாம் இப்படித்தான் முடிச்சுப் போடுகிறேன். காப்பி டம்ளர் வந்தால் இரண்டு கையாலும் பிடிப்பது. தொடரில் விளம்பரம் வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. கோயில் மணி கேட்டால் கையை விரித்து நீட்டுவது.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 21 நாள் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் உலாவுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடன் சேர்ந்தவர்களும் 96 பேரைக் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் தக்கபடி அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அந்த ஆய்வில் இன்னொரு நல்ல செய்தியும் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் அதனால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வீடு இதைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். 21-ஆம் நாள் ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடுபவர்களும், ஒரு நாள் தவறியதும் ‘எல்லாம் போச்சு’ என்று படுத்துக்கொள்பவர்களும் இந்த ஒரு தகவலால் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாம் படி, தானே செய்வது. இந்த இடத்தில் நான் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டைக் கேட்டு வாங்குவேன். அதில் தினமும் இரவு மூன்று வரி எழுத வேண்டும்: இன்று விழுந்த கையோ காலோ செய்த மூன்று வேலை. எழுத முடியாதவர்களுக்குப் பேத்தி எழுதுவாள். ‘சோப்பைப் பிடித்தேன்.’ ‘திண்ணைவரை போனேன்.’ ‘கதவை முழங்கையால் தள்ளினேன்.’ பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் இது இல்லாமல் முடியாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நல்லதைவிடக் கெட்டதுதான் மனத்தில் அழுத்தமாகப் பதிகிறது என்று ராய் பௌமைஸ்டரும் அவருடைய சகாக்களும் 2001-ல் பல துறைகளின் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். எங்கள் தொழிலில் அதைத் தினமும் பார்க்கலாம். ஒரு வாரம் முழுவதும் நடந்துவிட்டு வெள்ளிக்கிழமை ஒருமுறை தடுக்கி விழுந்தவரிடம், “எப்படி இருக்கீங்க?” என்று கேளுங்கள். “விழுந்துட்டேன்மா” என்பதுதான் பதிலாக வரும். அந்த ஆறு நாள் நடை எங்கே போயிற்று? மனம் அதைக் கணக்கில் எழுதவே இல்லை. அதனால்தான் நோட்டில் எழுதச் சொல்கிறேன். அவர் விழுந்தது உண்மை; அதை மறுக்க வேண்டாம். நடந்ததும் உண்மை, அதற்கும் ஒரு வரி வேண்டும். நேர்மறைச் சிந்தனை என்பது கெட்டதை மூடி மறைப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். நான் கண்டவரை அது விட்டுப்போன கணக்கைச் சேர்த்து எழுதுவது. செலிக்மனும் அவருடைய சகாக்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், அன்றன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களையும் அவை நடந்த காரணத்தையும் ஒரு வாரம் எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடி, ஆறு மாதம்வரை அந்தப் பலன் தெரிந்தது. என் நோட்டில் ‘நல்லது’ என்பதைச் ‘செய்தது’ என்று மாற்றிக்கொண்டேன். பக்கவாதம் வந்தவரிடம் இன்று என்ன நல்லது நடந்தது என்று கேட்டால் அவர் மனம் புண்படும். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் யோசிப்பார்.

இனி ஊக்கம் தரும் வாசகங்களைப் பற்றி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கட்டிலுக்கு எதிரே, மகன் ஆசையோடு ஒரு பெரிய படத்தை மாட்டியிருந்தார். மலை உச்சியில் ஒருவன் நிற்கிற படம். கீழே ‘உன்னால் முடியும்’ என்ற எழுத்து. வாத்தியார் அதைப் பார்க்காமல் தலையைத் திருப்பியே படுத்திருந்தார். “அதைப் பாக்கும்போதெல்லாம், என்னால முடியலையேன்னுதாம்மா தோணுது” என்றார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதையே சொன்னது. தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்கள், தன்னைப் புகழும் வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை மேலும் தாழ்ந்தது. யாருக்கு அந்த மருந்து மிகவும் தேவை என்று நினைக்கிறோமோ அவர்களுக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் வாத்தியாரின் நோட்டைத் தொங்கவிட்டோம்.

கனவு காண்பதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இடுப்பு மூட்டு மாற்று அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களை ஆராய்ந்தார். ‘நான் தேறுவேன்’ என்று நிதானமாக எதிர்பார்த்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஓடுவது போலவும் ஆடுவது போலவும் இனிய கனவுகளில் மிதந்தவர்கள் குறைவாகத் தேறினார்கள். கனவிலேயே அடைந்துவிட்டால் எழுந்து நிற்க அவசரம் இருக்காது போலும். அதனால் யாராவது தன் ஆசையைச் சொன்னால், அடுத்து ஒரு கேள்வி கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்: “எது தடுக்கும்?” பேத்தி கல்யாணத்தில் நின்றுகொண்டு அட்சதை போட வேண்டும் என்கிறாரா? சரி, எது தடுக்கும்? மண்டபத்தில் படி இருக்கும். அப்படியானால் இன்றிலிருந்து வாசற்படி ஒன்றில் ஏறி இறங்குவோம். ஆசையையும் தடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வேலை பிறக்கிறது.

“எப்ப பழையபடி நடப்பாரு?” என்று வீட்டார் கேட்கும்போது நான் வாக்குக் கொடுப்பதில்லை. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், பயிற்சி இருந்தால் அதற்குப் பிறகும் வரும், எல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது என்று உள்ளபடியே சொல்வேன். பொய்யான நம்பிக்கை உடையும்போது மெய்யான நம்பிக்கையையும் சேர்த்து உடைத்துவிடும். புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று நம்பிப் பணத்தையும் முதல் மூன்று மாதத்தையும் சேர்த்து இழந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடையில் வாங்கிய மஞ்சள் பந்தை நாள் முழுதும் பிசைந்து, ஏற்கெனவே மடங்கி இறுகிய விரல்களை மேலும் இறுக்கிக்கொண்டவர்களும் உண்டு. அந்த விரலுக்கு வேண்டியது விரிப்பது. முயற்சி பெரிதா என்பதைவிடத் திசை சரியா என்பது முக்கியம்.

நான்காம் படி, எதிர்ப்பைத் தாங்குவது. தசைக்கு எடை கட்டிப் பயிற்சி கொடுப்பதுபோல் மனத்துக்கு நாமாக எடை கட்ட வேண்டியதில்லை, வாழ்க்கையே கட்டும். மீண்டும் விழுவார், காய்ச்சல் வந்து ஒரு மாதம் படுப்பார், கூடவே இருந்து பார்த்த மனைவி இறந்துபோவார். முன்னால் மூன்று படியும் ஏறியவர் அப்போது எங்கே திரும்பிவர வேண்டும் என்று அறிந்திருப்பார். மறுபடி முதல் படியிலிருந்து தொடங்குவது தோல்வியல்ல. பாதை தெரிந்தவரின் தொடக்கம் அது. இரண்டாம் முறை அவர்கள் வேகமாக ஏறுவதைப் பார்க்கிறேன்.

எந்தப் பயிற்சியாலும் நடை திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்மறைச் சிந்தனையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதும் செயலிழந்தவர். அந்த நிலையிலேயே 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகளுக்கான பள்ளி, மறுவாழ்வு, தொழிற்பயிற்சி என்று அது வளர்ந்தது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவருடைய கால்கள் திரும்பவில்லை. திரும்பும்வரை காத்திருந்து எதையும் தொடங்கவும் இல்லை. தன் வசம் மிச்சமிருப்பது எது என்று பார்த்து அதிலிருந்து தொடங்கினார். அதே வழியில், படுக்கையிலேயே வாழும் தாத்தா ஒருவருக்கு நான் கேட்டுவாங்கிக் கொடுத்த உரிமைகள் இரண்டுதான்: எந்த நேரம் குளிப்பது, என்ன சமைப்பது என்பதை அவரே முடிவு செய்வது. அந்த வீட்டில் மறுபடியும் அவர் குரல் கேட்க ஆரம்பித்தது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அது நோய். நோட்டும் சில்லறையும் அதைத் தனியாகக் குணமாக்கிவிடாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, பசியில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் மனநலச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். கவனித்துக்கொள்பவர்களும் பேசலாம், மருமகள், மனைவி, மகள் என்று இரவு பகலாகத் தூக்கிப் புரட்டும் பெண்களின் சோர்வை யாரும் கேட்பதில்லை.

பக்கவாதம் வராதவர்களுக்கும் இதையே சொல்கிறேன். நம் எல்லோரிடமும் மடியில் போட்டுவைத்த ஒரு கை இருக்கிறது. பாதியில் விட்ட படிப்பு, பேச்சு நின்றுபோன உறவு, தோற்றபின் தொடாத தொழில், கூட்டத்தில் எழுந்து பேசும் துணிச்சல். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மிகச் சிறிய துண்டைக் கண்டுபிடியுங்கள்; தோற்கவே முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். தினமும் நடக்கும் ஏதாவது ஒன்றோடு அதை முடிச்சுப் போடுங்கள். தனியாக முடியவில்லை என்றால் ஒருவரைத் துணைக்குக் கேளுங்கள். அசிஸ்டட் என்பது எங்கள் தொழிலில் மரியாதைக்குரிய படி. இரவில் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு மாதம் பொறுங்கள். நம்பிக்கை வந்த பிறகு செய்யலாம் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். நான் போய்வந்த எந்த வீட்டிலும் அது முதலில் வந்ததில்லை. கை அசைந்த பிறகுதான் வந்தது.